யாரிடம் போய்ச் சொல்வது? — ஜெர்மன் சர்வகலாசாலைகளில் மாணவர் சபைகள்

ஆனி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு தகப்பனார் தம் குமாரனை அழைத்துக்கொண்டு நம் வீட்டுக்கு வந்தார். பையன் நம்மிடம் பத்தாம் வகுப்பில் கணிதம் படித்தவன். பி.ஈ. பட்டம் பெற்றுவிட்டான். ஜெர்மனியிலுள்ள சர்வகலாசாலை ஒன்றில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறதென்று கடிதத்தைக் காண்பித்தான். தகப்பனார் பல கேள்விகள் கேட்டார். குளிர் எப்படி? அரிசி அகப்படுமா? சம்பளம் எவ்வளவு கட்டவேண்டும்? நமக்குத் தெரிந்தவரையில் சமாதானம் சொன்னோம். எழுந்து போகும் சமயத்தில் அவர் வாசற்படியில் நின்று, தயங்கித் தயங்கி இன்னொன்று கேட்டார்.

"ஸார், இங்கே இவனுக்குக் காலேஜில் ஒரு கஷ்டம் என்றால் நான் பஸ் ஏறிப் போய்ப் பிரின்ஸிபாலைப் பார்த்துவிடுவேன். அங்கே ஒன்று என்றால் இவன் யாரிடம் போய்ச் சொல்வான்? யார் கேட்பார்கள்?"

இதற்கு நமக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. "விசாரித்துச் சொல்கிறோம்" என்று அனுப்பிவிட்டோம். அப்படி விசாரித்ததில் கிடைத்த விடை நம்மையே கொஞ்சம் ஆச்சரியத்தில் ஆழ்த்தியது. அந்தப் பையன் போய்ச் சொல்லவேண்டிய இடம் பிரின்ஸிபாலின் அறையன்று; தன்னைப் போன்ற மாணவர்களே நடத்தும் ஒரு சிறு அறை!

இது ஒரு வீட்டின் கவலை மாத்திரமல்ல. 2023-24ஆம் வருஷத்துக் குளிர்காலப் பருவத்தில் ஜெர்மன் சர்வகலாசாலைகளில் படித்த இந்திய மாணவர்களின் தொகை ஏறக்குறைய 49,000. ஜெர்மனிக்குப் படிக்கச் செல்லும் அந்நிய தேசத்தாரில் முதலிடம் இப்போது நம்மவர்களுக்கே. 1959-ல் ஜெர்மானியரின் உதவியால் சென்னை கிண்டியில் ஐ.ஐ.டி. எழுந்தபோது ஜெர்மன் ஆசிரியர்கள் இங்கே வந்தார்கள். இன்று நம் பிள்ளைகள் அங்கே போகிறார்கள். ஆகையால் அந்தச் சிறு அறையைப் பற்றி நம் குடும்பங்கள் தெரிந்துகொள்வது நல்லது.

துறைக்கு ஒரு சபை

ஜெர்மன் பாஷையில் அந்த ஸ்தாபனத்துக்கு 'ஃபாக்ஷாஃப்ட்' என்று பெயர். 'ஃபாக்' என்றால் பாடம். ஒரு பாடத்தைப் படிக்கும் மாணவர் சமூகம் முழுவதும் சேர்ந்தால் அது ஃபாக்ஷாஃப்ட். பௌதிகம் படிப்பவர்களுக்கு ஒன்று, வைத்தியம் படிப்பவர்களுக்கு ஒன்று, சரித்திரம் படிப்பவர்களுக்கு ஒன்று. அநேகமாக எல்லா ராஜ்யங்களிலும் சர்வகலாசாலையில் பெயரைப் பதிவு செய்துகொண்ட அன்றே ஒருவன் தன் துறைச் சமூகத்தில் அங்கத்தினன் ஆகிவிடுகிறான். மாணவர்கள் வருஷந்தோறும் வோட்டுப் போட்டுச் சிலரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அவர்களே துறைச் சபையார். ஆனால் வழக்கத்தில் வாரக் கூட்டத்துக்கு யார் வேண்டுமானாலும் வரலாம், வேலையில் கை கொடுக்கலாம். வேலை செய்கிறவர்கள் எல்லோரையுமே 'ஃபாக்ஷாஃப்ட்' என்று அழைக்கிறார்கள்.

இவர்களுக்குச் சம்பளம் கிடையாது. ஒவ்வொரு மாணவனும் பருவந்தோறும் செலுத்தும் கட்டணத்தில் ஒரு சிறு பகுதி மாணவர் சங்கத்துக்குச் சேருகிறது. அதிலிருந்து துறைச் சபைகளின் செலவுக்குக் கொஞ்சம் வருகிறது. காகிதமும் காப்பிப் பொடியும் வாங்க அது போதும். துறைக் கட்டடத்தில் ஓர் அறை கொடுத்திருப்பார்கள். யாரோ கொடுத்துவிட்டுப் போன பழைய சோபா ஒன்று, காப்பி போடும் யந்திரம் ஒன்று, சுவரோரமாகக் காகிதக் கட்டுகள் அடுக்கிய அலமாரி ஒன்று. இவை மூன்றும் இல்லாத சபையறை அபூர்வம். வாரத்தில் குறித்த சில மணி நேரம் யாராவது ஒருவர் அங்கே உட்கார்ந்திருப்பார். கதவைத் தட்டாமலே உள்ளே போகலாம்.

முதல் வாரம்

குளிர்காலப் பருவத்துப் பாடங்கள் பெரும்பாலும் அக்டோபர் மத்தியில் ஆரம்பமாகின்றன. அதற்கு முந்திய நாட்களில்தான் இச்சபைகளுக்குத் திருவிழாப் போன்ற வேலை. புதிதாக வந்தவர்களைச் சிறு சிறு கூட்டங்களாகப் பிரித்து, கூட்டத்துக்கு ஒன்றிரண்டு பழைய மாணவர்களைத் துணையாகக் கொடுக்கிறார்கள். புஸ்தகசாலை எங்கே, போஜனசாலையில் பணம் கட்டுவது எப்படி, எந்தப் பாடத்தை முதல் வருஷத்திலேயே முடித்துவிடுவது நல்லது, எதைத் தள்ளிப் போடலாம் என்பதெல்லாம் அந்த ஒரு வாரத்தில் தெரிந்துவிடுகின்றன. ஒரு நாள் காலையில் எல்லோருக்கும் ரொட்டியும் காப்பியும் கொடுப்பார்கள். ஒரு நாள் ஊரைச் சுற்றி, புதிர்களுக்கு விடை தேடிக்கொண்டே நடக்கும் விளையாட்டு உண்டு.

இதெல்லாம் விளையாட்டுப் பிள்ளைத்தனமென்று தோன்றலாம். ஆனால் ஜெர்மன் சர்வகலாசாலையின் தன்மையை அறிந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். அங்கே பெரும்பாலான விரிவுரைகளுக்கு ஆஜர் பட்டியல் கிடையாது. வகுப்புக்கு வராதவனை 'ஏன் வரவில்லை?' என்று கேட்கமாட்டார்கள். எந்தப் பரீட்சையை எப்போது எழுதுவது என்று மாணவனே பார்த்துக்கொள்ளவேண்டும். பரீட்சைக்குத் தனியாகப் பெயர் கொடுக்கவேண்டும். தேதி தவறினால் தவறினதுதான். சுதந்திரம் மிகுதி, கேட்பார் இல்லாமையும் மிகுதி. இங்கே பள்ளிக்கூடத்திலும் கலாசாலையிலும் மணியடித்தால் எழுந்து, மணியடித்தால் உட்கார்ந்து பழகிய நம் பிள்ளைகள் அந்தச் சுதந்திரத்தில் திக்குத் தெரியாமல் நிற்பது சகஜம். முதல் வாரத்தில் கிடைத்த நாலு பேருடைய சிநேகமே பல மாணவர்களுக்கு முதல் வருஷம் முழுவதும் பற்றுக்கோடாக இருக்கிறது.

பின்னால் வருபவனுக்குச் செலுத்தும் கடன்

அலமாரியில் காகிதக் கட்டுகள் இருப்பதாகச் சொன்னோமல்லவா? அவை பழைய பரீட்சைகளின் கேள்வித்தாள்கள். வருஷ வருஷமாகச் சேர்த்து வைத்து, கேட்பவர்களுக்குப் பிரதி கொடுக்கிறார்கள். இப்போது பல இடங்களில் காகிதம் போய்க் கம்ப்யூட்டரில் ஏறிவிட்டது.

இதைவிடச் சுவையான விஷயம் வாய்மொழிப் பரீட்சைக் குறிப்புகள். ஜெர்மனியில் பல பாடங்களில் மாணவன் பேராசிரியருக்கு எதிரே உட்கார்ந்து, கேட்ட கேள்விக்கு வாயால் பதில் சொல்லவேண்டும். அதற்குக் கேள்வித்தாளே கிடையாது. ஆகையால் பரீட்சை முடிந்து வெளியே வந்த மாணவன், என்னென்ன கேட்டார், எதில் துருவித் துருவிக் கேட்டார், தெரியாது என்றபோது கோபித்தாரா, கைதூக்கி விட்டாரா என்று எழுதிச் சபையில் கொடுக்கிறான். அடுத்தவன் பரீட்சைக்குப் போகுமுன் அதை வாங்கிப் படிக்கிறான். பல சபைகளில் இதற்கு ஒரு தந்திரமான ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். குறிப்பை வாங்கும்போது சில யூரோ டிபாஸிட் கட்டவேண்டும். தன் பரீட்சையைப் பற்றித் தானும் ஒரு குறிப்பு எழுதிக் கொடுத்தால் பணம் திரும்பி வரும். எழுதாவிட்டால் சபைக்குச் சேரும்.

இந்த ஏற்பாட்டைப் பற்றிப் படித்தபோது நமக்கு நம் கிராமத்துக் கைமாற்று வழக்கம் நினைவுக்கு வந்தது. அங்கே வாங்கினவரிடமே திருப்பிக் கொடுப்போம். இங்கே கடன் கொடுத்தவன் பட்டம் பெற்று ஊரைவிட்டே போயிருப்பான். வாங்கினவன் அதை, முகமறியாத, பின்னால் வரப்போகிற ஒருவனுக்குத் திருப்பிச் செலுத்துகிறான்.

மூன்றாவது தடவை

இதுவரையில் சொன்னவை சௌகரியங்கள். இனிச் சொல்லப்போவது ஒரு மாணவனுடைய வாழ்வையே பற்றிய விஷயம்.

நம் ஊரில் ஒரு பாடத்தில் தவறினால் 'அரியர்' வைத்து மறுபடி மறுபடி எழுதலாம். ஜெர்மனியில் பல சர்வகலாசாலைகளில் ஒரு பரீட்சையை இத்தனை தடவைதான் எழுதலாம் என்று கணக்கு இருக்கிறது. பெரும்பாலும் மூன்று தடவை. மூன்றாவது தடவையும் தவறினால் 'முடிவாகத் தவறியவன்' என்று எழுதிவிடுவார்கள். அவன் பெயர் அந்தப் படிப்பிலிருந்து நீக்கப்படும். வேறு ஊருக்குப் போய் அதே படிப்பைத் தொடரலாமென்றாலும் பொதுவாக இடம் தரமாட்டார்கள். படிப்புப் போனால் அதை நம்பிக் கொடுத்த விஸாவுக்கும் ஆபத்து.

இங்கிருந்து போன ஒரு பெண்ணை நினைத்துக்கொள்வோம். பெற்றோர் வீட்டை அடமானம் வைத்து அனுப்பியிருக்கிறார்கள். ஒரு பரீட்சையில் இரண்டு தடவை தவறிவிட்டாள். வீட்டுக்கு எழுத வெட்கம். கூடப் படிப்பவர்களிடம் சொல்ல வெட்கம். மூன்றாவது தடவை நெருங்குகிறது. அதே சமயத்தில் ஜுரமும் வந்துவிடுகிறது. 'எப்படியாவது எழுதிவிடுவோம்' என்று போனால் என்ன ஆகும்? ஜுரத்தோடு எழுதித் தவறினால் அதுவும் ஒரு தடவையாகவே எண்ணப்படும்.

அவள் துறைச் சபையின் அறைக்குப் போனால் அங்கே இருப்பவன் அவளைவிட இரண்டு வயதே மூத்தவனாக இருக்கலாம். ஆனால் துறையின் பரீட்சை விதிகள் அவனுக்கு மனப்பாடம். வைத்தியரிடம் இன்றே போய் அத்தாட்சி வாங்கித் தாமதமின்றிப் பரீட்சைக் காரியாலயத்தில் கொடுத்தால் இந்தத் தடவை கணக்கில் சேராது என்பதைச் சொல்வான். தவறிய பரீட்சையின் திருத்திய விடைத்தாளைக் குறித்த நாளில் போய்ப் பார்க்க மாணவருக்கு உரிமை உண்டு. எங்கே தவறினாள் என்பதை அங்கேதான் கண்டுகொள்ளலாம் என்பதையும் சொல்வான். விசேஷக் கஷ்டங்களுக்காக மனுச் செய்துகொள்ள இடமிருந்தால் மனுவை எழுத உதவுவான். கேள்வி நியாயமற்றது என்று பலரும் முறையிட்டால், சபையார் பேராசிரியரிடம் நேரில் போய்ப் பேசுவார்கள். முறையிட்டவர் பெயர் வெளிவராது.

இவற்றில் ஒன்றுகூட ரகசியமல்ல. எல்லாம் விதிப் புஸ்தகத்தில் அச்சாகியிருக்கிறது. ஆனால் பயந்து போயிருக்கும் ஒரு பெண்ணுக்கு, அந்நிய பாஷையில் எழுதிய விதிப் புஸ்தகம் இருந்தென்ன, இல்லாமற் போனாலென்ன? எழுத்தில் இருக்கும் உரிமையைக் கையைப் பிடித்துக் காட்ட ஒரு மனிதர் வேண்டும். அந்த மனிதர் அதிகாரியாக இல்லாமல் தன்னைப் போன்ற மாணவராக இருந்தால் வெட்கம் பாதி குறைகிறது.

பேராசிரியரைத் தேர்ந்தெடுக்கும் மேஜையில்

துறைச் சபையார் வெறும் உதவிக்காரர் மாத்திரமல்லர். துறையின் நிர்வாகக் கமிட்டிகளில் மாணவர் பிரதிநிதிகளுக்கு ஆசனம் உண்டு. பாடத்திட்டத்தை வகுக்கும் கமிட்டி, பரீட்சைக் கமிட்டி, புதிய பேராசிரியரை நியமிக்கும் கமிட்டி எல்லாவற்றிலும் உட்காருகிறார்கள். பேராசிரியர் பதவியை நாடி வருகிறவர் துறையார் முன்னிலையில் ஒரு விரிவுரை நிகழ்த்திக் காட்டவேண்டும். மாணவர்களும் வந்து கேட்கிறார்கள். 'இவர் பெரிய ஆராய்ச்சியாளரா?' என்று பேராசிரியர்கள் பார்க்கும்போது, 'இவர் சொல்வது நமக்குப் புரிகிறதா?' என்று மாணவர்கள் பார்க்கிறார்கள். இரண்டும் பார்க்கவேண்டியவையே.

இந்த உரிமை எளிதில் வந்ததல்ல. 1967, 1968ஆம் வருஷங்களில் எழுந்த பெரிய மாணவர் கிளர்ச்சிக்குப் பிறகே கமிட்டிகளில் மாணவர் குரல் பலப்பட்டது. அதற்கும் வரம்பு உண்டு. ஆராய்ச்சியையும் நியமனத்தையும் பற்றிய முடிவுகளில் பேராசிரியருக்கே மேலான பலம் இருக்கவேண்டுமென்று 1973-ல் அந்நாட்டு அரசியல் சட்ட நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

சர்க்காரின் மனமும் எப்போதும் ஒரே மாதிரி இருந்ததில்லை. பாடன்-வூர்ட்டம்பெர்க் ராஜ்யத்து சர்க்கார் மாணவர்களின் அரசியல் கொதிப்பைக் கண்டு 1977-ல் சட்டபூர்வமான மாணவர் சங்கங்களையே எடுத்துவிட்டது. 2012-ல்தான் திருப்பிக் கொடுத்தது. இடையே கழிந்த 35 வருஷங்களும் பல துறைச் சபைகள் சட்டபூர்வமான மாணவர் சங்கம் இல்லாமலே நடந்துவந்தன! கேள்வித்தாள் சேர்ப்பதற்கும் புதியவனுக்கு வழிகாட்டுவதற்கும் சட்டம் எதற்கு?

ஒரு கறுப்பு அத்தியாயம்

இவ்வளவும் சொல்லி நிறுத்திவிட்டால் முழு உண்மையையும் சொன்னதாகாது. ஜெர்மன் மாணவர் சங்கங்களின் சரித்திரத்தில் நம்மைப் போன்ற தேச பக்தர்கள் கவனமாகப் படிக்கவேண்டிய பக்கம் ஒன்று இருக்கிறது.

சிதறிக் கிடந்த ஜெர்மனியை ஒன்றுபடுத்தவேண்டுமென்ற குரலை உரக்க எழுப்பியவர்கள் அந்நாட்டு மாணவர்களே. 1815-ல் யேனா நகரில் சங்கம் அமைத்தார்கள்; 1817-ல் வார்ட்பர்க் கோட்டையில் திரண்டார்கள். 1919-ல், முதல் உலக யுத்தத்தில் தோற்று நாடு பசியில் கிடந்தபோது, எல்லாச் சர்வகலாசாலை மாணவர்களும் சேர்ந்து வூர்ட்ஸ்பர்க் நகரில் ஒரே மகா சங்கம் கண்டார்கள். ஏழை மாணவருக்குச் சமையற்கூடம் வைத்தார்கள்; உதவிச் சங்கங்கள் அமைத்தார்கள். தொண்டு என்றால் அதுவன்றோ தொண்டு!

ஆனால் அந்தச் சங்கத்துக்குள் ஒரு கேள்வி புகுந்தது. 'மாணவன் என்பவன் யார்? யூதனும் நம்மில் ஒருவனா?' 1927-ல் பிரஷ்ய ராஜ்யத்தின் கல்வி மந்திரி பெக்கர் என்பவர், ஜெர்மன் குடிகளான எல்லா மாணவர்களையும் வித்தியாசமின்றிச் சேர்க்கவேண்டும், யூதரை விலக்கும் ஆஸ்திரியச் சங்கங்களின் உறவை விடவேண்டும் என்று நிபந்தனை போட்டார். மாணவர்களிடமே வோட்டு எடுத்தார்கள். வோட்டுப் போட்டவர்களில் நூற்றுக்கு 77 பேர் அந்த நிபந்தனையை நிராகரித்தார்கள்! சர்க்காரின் அங்கீகாரம் போனாலும் போகட்டும், விலக்குவதை விடமாட்டோம் என்றார்கள்.

அப்புறம் நடந்தது உலகம் அறிந்தது. 1931-ல் சங்கத்தின் தலைமை நாஜி மாணவர் கையில் விழுந்தது. 1933ஆம் வருஷம் மே மாதம் 10ஆம் தேதி இரவு பெர்லினிலும் மற்றச் சர்வகலாசாலை நகரங்களிலும் புஸ்தகங்களைக் குவித்துக் கொளுத்தியவர்கள் ரௌடிகள் அல்லர். அதே மாணவர் சங்கத்தார். குழந்தைகளுக்குக் கதை எழுதிய எரிக் கேஸ்ட்னர் பெர்லின் கூட்டத்தில் ஒருவராக நின்று, தம் நூல்கள் எரிவதைத் தாமே பார்த்துக்கொண்டிருந்தார்.

பத்து வருஷங்களுக்குப் பிறகு, 1943ஆம் வருஷம் பிப்ரவரி 18ஆம் தேதி, மியூனிக் சர்வகலாசாலையில் ஒரு அண்ணனும் தங்கையும் ஹிட்லரின் கொடுங்கோலைக் கண்டித்து எழுதிய துண்டுப் பிரசுரங்களைப் போட்டார்கள். ஹான்ஸ் ஷோலுக்கு வயது 24, ஸோஃபிக்கு 21. நாலாம் நாள் இருவருக்கும் சிரச்சேதம். அவர்களுக்குப் பின்னால் எந்தச் சங்கமும் நிற்கவில்லை. இன்று அந்தச் சர்வகலாசாலையின் வாசல் முற்றம் அவர்கள் பெயரையே தாங்கி நிற்கிறது.

தேச பக்தியும் இருந்தது, தொண்டும் இருந்தது, தேர்தலும் இருந்தது; இருந்தும் அச்சங்கம் கெட்டது. எப்போது? பக்கத்தில் உட்கார்ந்து படிப்பவன் தன்னவனா, அந்நியனா என்று கேட்க ஆரம்பித்தபோது. இன்று பௌதிகத் துறையின் சபையறைக்குள் நுழைபவனிடம், 'நீ பௌதிகம் படிக்கிறாயா?' என்ற ஒரு கேள்வியைத் தவிர வேறு கேட்பதில்லை. ஜாதி என்ன, மதம் என்ன, எந்த தேசம் என்று கேட்பதில்லை. அந்தச் சிறு கேள்விக்குப் பின்னால் எவ்வளவு பெரிய பிராயச்சித்தம் இருக்கிறது!

குறைகளும் உண்டு

இச்சபைகளை நாம் தெய்வ பீடத்தில் ஏற்றிவிடவில்லை. பல சர்வகலாசாலைகளில் மாணவர் தேர்தலுக்கு நூற்றுக்கு இருபது பேர்கூட வோட்டுப் போட வருவதில்லை. வேலை செய்கிறவர்கள் எப்போதும் அதே சிலர்தாம். அவர்களுக்குப் படிப்பு ஒரு பருவம், இரண்டு பருவம் பின்தள்ளிப் போவதும் உண்டு. சர்க்கார் உதவித் தொகை பெறும் மாணவர் இப்படித் தேர்தல் பதவியில் வேலை செய்ததால் தாமதித்தால், தொகையைச் சிறிது காலம் நீட்டிக் கொடுக்கச் சட்டத்தில் இடம் வைத்திருக்கிறார்கள். நல்ல ஏற்பாடுதான், ஆனால் எல்லோருக்கும் அது பயன்படாது.

நம் பிள்ளைகளைப் பற்றி ஒரு குறை விசேஷமாகச் சொல்லவேண்டும். வாரக் கூட்டங்கள் பெரும்பாலும் ஜெர்மன் பாஷையில் நடக்கின்றன. நம்மவர்களில் பலர் ஆங்கிலத்தில் நடக்கும் வகுப்புகளில் படிக்கிறார்கள். ஆகையால் சபையறைப் பக்கம் போகாமல் தங்களுக்குள்ளேயே கூடிக்கொள்கிறார்கள். சொந்த ஊர்க்காரன் நல்ல துணைதான். சாம்பார்ப் பொடி கடன் தருவான். ஆனால் பரீட்சை விதி அவனுக்கும் தெரியாதே! சபையாரும் அந்நிய மாணவரைத் தேடிப் போய் அழைக்கவேண்டும். நம்மவர்களும் தயங்காமல் போகவேண்டும். இரு பக்கமும் நாலு அடி நடந்தால்தான் கதவு பக்கத்தில் வரும்.

நம் கலாசாலைகளில்?

நம் நாட்டில் மாணவர் சங்கம் என்றால் ஊர்வலமும் மறியலும் நினைவுக்கு வருகின்றன. 1942-ல் வகுப்புகளை விட்டு வெளியேறிய மாணாக்கரை நினைத்தால் அதில் பெருமைப்படவும் இடமிருக்கிறது. மற்றப்படி, நாம் படித்த கலாசாலையிலும் துறைக்கு ஒரு சங்கம் இருந்தது. ஆரம்ப விழா என்று ஒரு நாள், நிறைவு விழா என்று ஒரு நாள், இரண்டுக்கும் நடுவே ஒரு போட்டோ. காரியதரிசியாக இருந்த மாணவன் செய்த வேலை பிரமுகருக்கு மாலை வாங்கி வருவது. அதே வருஷம் எங்கள் வகுப்பில், கட்டணம் செலுத்த வழியில்லாமல் ஒருவன் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டான். உதவித் தொகைக்கு மனுப் போட்டிருக்கலாம் என்பது அவனுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. போட்டோவில் அவனுக்கு இடமிருந்தது, அவன் இல்லை.

துறைக்கு ஓர் அறை, ஓர் அலமாரி, தினம் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்க முறை வைத்து நாலு மாணவர்: இதற்குப் பெரிய பணம் வேண்டாம். உதவித் தொகை விவரம், பழைய கேள்வித்தாள், பரீட்சை விதி இவற்றைச் சேர்த்து வைத்தால் முதல் வருஷத்துக்குப் போதும். சுயராஜ்யம் என்பதைத் தில்லியிலும் கோட்டையிலும் மட்டும் தேடுகிறோம். தன் வகுப்புத் தோழனுடைய கஷ்டத்தைத் தானே விசாரித்து, தானே விதியைப் படித்து, பேராசிரியரிடம் பணிவோடும் பயமில்லாமலும் பேசப் பழகினவன்தான் நாளைக்கு நகரசபையிலும் சட்டசபையிலும் பேசத் தகுந்தவன்.

புரட்டாசி மாதத்தில் பையன் புறப்படுமுன் தகப்பனாரும் அவனும் மறுபடி வந்தார்கள். விசாரித்ததையெல்லாம் சொன்னோம். "போய் இறங்கியதும் துறைச் சபையின் அறை எங்கே என்று கேட்டுத் தெரிந்துகொள். ஜெர்மன் பாஷையைத் தினம் அரை மணி படி. ஒரு வருஷம் போனபின் வாரத்தில் ஒரு நாள் நீயும் அந்த அறையில் உட்கார்ந்து, புதிதாக வருகிறவனுக்கு வழி சொல்லு" என்றோம். பையன் தலையசைத்தான்.

தகப்பனார் கேட்டார்: "அந்த அறையில் உட்காருகிறவர்களுக்குச் சம்பளம் என்ன ஸார்?"

"ஒன்றுமில்லை."

அவர் சிறிது நேரம் யோசித்தார். பிறகு முகம் தெளிந்து, "அப்படியானால் நம்பிப் போகலாம்" என்றார்.